எக்செல் யூசர்ஃபார்மில் (விவரம் நிரப்பும் திரைப் படிவம்) கர்சர் இடம் மாறி மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

கம்பம்:
குமுளியில் ஏலக்காய் வாங்கும் கடை ஒன்றுக்கு எக்செல்லில் எடை பதியும் ஃபார்ம் எழுதிக் கொடுத்தேன். எடைப் பெட்டியின் ஆஃப்டர்அப்டேட்டில், அதாவது அடித்த மதிப்பு பெட்டியில் பதிவானதும் ஓடும் நிரலில், சரிபார்ப்பு. தப்பென்றால் ஒரு மெசேஜ், அடுத்த வரியில் கர்சரை அதே பெட்டியில் வைக்க செட்ஃபோகஸ். கணக்கர் அண்ணன் திரையைப் பார்க்கவே மாட்டார். கண் தராசில், விரல் நம்பர் கீயில். அன்றைக்குப் புள்ளி விழாமல் 52.4 என்பது 524 ஆகிவிட்டது. மெசேஜ் சத்தம் கேட்டதும் என்டரைத் தட்டி மறுபடி 52.4 அடித்தார். கர்சர் அதற்குள் விலைப் பெட்டிக்குப் போயிருந்தது. சீட்டை வாங்கிப் பார்த்த தோட்டக்காரர், "சாரே, கிலோ அம்பத்திரண்டு ரூபாயோ?" என்று கேட்டார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

புளியரை:
ஆஃப்டர்அப்டேட் முடிந்துதான் எக்ஸிட் (பெட்டியை விட்டு வெளியேறும்போது ஓடும் நிரல்) வரும், அப்புறம் கர்சர் அடுத்த பெட்டிக்குப் போய்விடும். எக்ஸிட்டில் கேன்சல் = ட்ரூ கொடுத்து வெளியேறுவதைத் தடுத்தால்தான் நிற்கும். நான் அப்படிக் கொடுத்து வேறு விதமாக மாட்டினேன். காய்கறி லோடு ஃபார்ம். ஆரியங்காவு ஏற வேண்டிய லாரி வாசலில் உறுமிக்கொண்டிருக்க, பையன் 'ரத்து' பொத்தானை அழுத்த அழுத்த "வண்டி எண் தேவை" என்றே வந்தது. பொத்தானைத் தொட்டாலே பெட்டியை விட்டு வெளியேறுவதாகக் கணக்கு. அழுத்தினாலும் கர்சரை இழுக்காதபடி அந்தப் பொத்தானுக்கு டேக்ஃபோகஸ்ஆன்கிளிக்கை ஃபால்ஸ் ஆக்கிய பிறகுதான் வண்டி கிளம்பியது.

மார்த்தாண்டம்:
இதனால்தான் பெட்டிக்குப் பெட்டி சரிபார்க்காதீர்கள் என்கிறேன். 'சேமி' பொத்தானில் மொத்தமாகப் பார்த்துவிட்டு, தப்பான பெட்டிக்கு அங்கிருந்து செட்ஃபோகஸ் செய்தால் ஒழுங்காகப் போகும். என் ரப்பர் ஷீட் ஃபார்மில் நடுவே ஒரு பெட்டி சேர்த்தேன், டேப் அடித்தால் கடைசியில்தான் அங்கே போனது. புதிதாக வைக்கும் பெட்டிக்குக் கடைசி டேப்இண்டெக்ஸ்தான் (டேப் வரிசை எண்) கிடைக்கும். நிரல் எழுதும் எடிட்டரின் வியூ மெனுவில் டேப் ஆர்டரைத் திறந்து வரிசையை மாற்றுங்கள். முதல் பெட்டிக்கு 0 கொடுத்தால் ஃபார்ம் திறந்ததும் கர்சர் அங்கேதான் நிற்கும். லேபிள் பற்றிக் கவலை வேண்டாம், கர்சர் அதில் நிற்காது.

கம்பம்:
மார்த்தாண்டம் அண்ணே, 'சேமி' வரை காத்திருந்தால் மூட்டை தராசிலிருந்து இறங்கிவிடும். அப்புறம் எதைப் பார்த்துத் திருத்துவது? எடையை அந்த இடத்திலேயேதான் பிடிக்க வேண்டும். புளியரைக்காரர் சொன்னபடி எக்ஸிட்டுக்கு மாற்றிவிட்டேன். கூடவே தேர்வு தொடங்கும் இடமான செல்ஸ்டார்ட் 0, தேர்வின் நீளமான செல்லெங்த் முழு நீளம். தப்பான 524 முழுதும் நீலமாகிவிடும். அண்ணன் தராசைப் பார்த்தபடியே அடிக்கலாம், பழையது தானாக அழிந்துவிடும்.