அண்டி ஆபீஸ் மெயிலை ரோட்டர்டாம்காரர் கேட்கிறார்: கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கருங்கல்_பருப்பு:
எல்லாருக்கும் வணக்கம். கருங்கல் பக்கம் மாமா நடத்தும் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) ஏற்றுமதிக் கணக்கைப் பார்க்கிறேன். 2024-இல் தூத்துக்குடி வழியாக ரோட்டர்டாமுக்கு இரண்டு கன்டெய்னர் டபிள்யூ 320 ரக முந்திரிப் பருப்பு அனுப்பினோம். ஈரப்பதம் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, பூச்சியும் இருக்கிறது என்று சொல்லி வாங்கியவர் பணத்தை நிறுத்திவிட்டார். ஒப்பந்தப்படி இங்கிலாந்துச் சட்டம், சிங்கப்பூரில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் நடுவர்கள் முன் விசாரணை).

இப்போது எதிர்த்தரப்பு எங்களிடம் ஆவணங்கள் கேட்டுப் பெரிய பட்டியல் கொடுத்திருக்கிறது. மூன்று இனங்கள் வயிற்றைக் கலக்குகின்றன. முதலாவது, மாமாவும் மச்சானும் எழுதிக்கொண்ட மெயில்கள். மச்சான் சட்டம் படித்து நாலு வருடம் பிராக்டீஸ் பண்ணினவன். அப்புறம் பிராக்டீஸை நிறுத்துவதாகப் பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் கம்பெனியிலேயே சம்பளத்துக்குச் சட்ட மேலாளராகச் சேர்ந்தான். அடுத்தது, ஆடிட்டர் எழுதிய கடிதம். கடைசியாக ஒரு வாட்ஸ்அப் குரூப். மாமா, நான், மச்சான், ஆடிட்டர், கிளியரிங் ஏஜென்ட், புரோக்கர், எங்கள் வக்கீல் எல்லாரும் அதில் உண்டு.

“வக்கீல்கிட்ட பேசினது ரகசியம், ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்காதே” என்கிறார் மாமா. சரிதானா?

குழித்துறைக்காரன்:
உங்கள் மாமா சொல்வது வக்கீல் வரைக்கும் சரி. மச்சானுக்குப் பொருந்தாது.

1872 சாட்சியச் சட்டத்தில் 126 முதல் 129 வரை இருந்த பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 132, 133, 134 என்று வந்திருக்கின்றன. கட்சிக்காரர் தன் அட்வகேட்டிடம் சொன்னதை அட்வகேட் வெளியில் சொல்லக் கூடாது என்பது 132. முழுநேரச் சம்பளத்துக்குப் போனவர் அட்வகேட்டாகப் பிராக்டீஸ் பண்ண முடியாது என்பது பார் கவுன்சில் விதி 49. 2025-இல் மூத்த வக்கீல்கள் இருவருக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பி, பெரிய சண்டையாகி, உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்து விசாரித்ததே, நினைவிருக்கிறதா? அந்த வழக்கில் 2025 அக்டோபர் 31 அன்று வந்த தீர்ப்பு இதையும் தொட்டுவிட்டது. கம்பெனிக்குள் சம்பளத்துக்கு இருக்கும் வக்கீலுக்கு 132-இன் பாதுகாப்பு கிடையாது. கம்பெனியின் சட்ட ஆலோசகரிடம் அவர் பேசியதற்கு 134-இல் கொஞ்சம் இடம் உண்டு. முதலாளியும் அவரும் தங்களுக்குள் பேசியதற்கு அதுவும் இல்லை.

ஆகவே மாமா–மச்சான் மெயில் சட்டத்தின் கண்ணில் வெறும் ஆபீஸ் கடிதம். கொடுத்துவிடுங்கள்.

சிங்கை_மார்த்தாண்டம்:
அண்ணாச்சி, பழக்கத்தில் குழித்துறை கோர்ட்டையே நினைத்துப் பேசுகிறீர்கள். நான் சிங்கப்பூரில் ஆர்பிட்ரேஷன் வேலையில்தான் இருக்கிறேன்.

நீங்கள் சொன்ன சாக்ஷ்ய அதிநியமின் முதல் பிரிவையே எடுத்துப் பாருங்கள். ஆர்பிட்ரேட்டர் முன் நடக்கும் விசாரணைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சிங்கப்பூர் சாட்சியச் சட்டத்திலும் அதே வாசகம் உண்டு. இரண்டு நாட்டுச் சட்டமும் விலகி நிற்கும்போது, எதை மறைக்கலாம் என்று முடிவு பண்ணுவது நடுவர்கள்தான். பெரும்பாலும் அவர்கள் கையில் எடுப்பது சர்வதேச வழக்கறிஞர் சங்கத்தின் சாட்சிய விதிகள். அதில் 9-ஆவது விதி, எந்த நாட்டுச் சட்டம் என்று கட்டிவைக்காமல், நடுவர்கள் கவனிக்கக்கூடிய சில விஷயங்களைச் சொல்கிறது. அதில் ஒன்று, இரு தரப்புக்கும் நியாயமும் சமத்துவமும்.

இங்கிலாந்தில் 1972 முதலே கம்பெனி வக்கீலுக்கும் வெளி வக்கீலுக்கும் ஒரே பாதுகாப்பு. சிங்கப்பூர் 2012-இல் சட்டத்தைத் திருத்திக் கொடுத்தது. நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2013-இல் ஒத்துக்கொண்டது. ரோட்டர்டாம்காரர் தன் கம்பெனி வக்கீலின் மெயிலைப் பூட்டி வைத்துக்கொள்வார், கருங்கல்காரர் மட்டும் திறந்து காட்ட வேண்டுமா? இப்படி வரும்போது, இரண்டு சட்டத்தில் எது அதிகம் பாதுகாக்கிறதோ அதை இரு தரப்புக்கும் கொடுக்கிற நடுவர்கள் உண்டு.

குழித்துறைக்காரன்:
தம்பி, உண்டு என்பது வேறு, கேட்டு வாங்கும் உரிமை என்பது வேறு. அதே ஐரோப்பாவின் நீதிமன்றம் 2010-இல் ஆக்ஸோ வழக்கில் என்ன சொன்னது? வியாபாரப் போட்டிச் சட்ட விசாரணையில் கம்பெனி வக்கீலின் மெயிலுக்குப் பாதுகாப்பு கிடையாது, சம்பளம் வாங்குகிறவருக்கு வெளி வக்கீலின் சுதந்திரம் வராது என்றது. ஆக்ஸோவும் டச்சுக் கம்பெனிதான். நீங்கள் காட்டும் 2013 தீர்ப்புகூட, பதிவு செய்து அட்வகேட்டாகவே இருப்பவருக்கு, அதுவும் அவருடைய சுதந்திரத்தை மதிப்பதாக முதலாளி எழுதிக் கொடுத்திருந்தால். நம்முடைய மச்சான் பார் கவுன்சிலிலிருந்து விலகியவர். இரண்டு பேரும் ஒரே நிலையில் இருந்தால்தானே சமத்துவம் என்ற பேச்சே வரும்?

சிங்கை_மார்த்தாண்டம்:
அப்படியானால் தேதியைப் பாருங்கள். அதே 9-ஆவது விதி, அந்தப் பேச்சு நடந்த சமயத்தில் கட்சிக்காரரும் ஆலோசகரும் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதையும் கவனிக்கச் சொல்கிறது. மெயில்கள் 2024-இல் எழுதியவை. நீங்கள் காட்டிய தீர்ப்பு 2025 அக்டோபர். சம்பளம் வாங்கும் சட்ட அதிகாரிக்கும் பாதுகாப்பு உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் பல வருடங்களுக்கு முன்பே விஜய் மெட்டல் வொர்க்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. 2024-இல் ஒருவர் அதை நம்பியிருந்தால் தப்பா?

குழித்துறைக்காரன்:
உச்ச நீதிமன்றம் புதுச்சட்டம் போடவில்லை, சட்டம் முன்பிருந்தே இப்படித்தான் என்று சொன்னது. இன்னொன்று, அந்தப் பழைய பம்பாய் தீர்ப்பை நம்பியா கருங்கல் மாமா மெயில் தட்டினார்? கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், விஜய் மெட்டல் என்றால் பாத்திரக் கடையா என்பார்.

கருங்கல்_பருப்பு:
கேட்டேன். அப்படியேதான் கேட்டார் 😂

குளச்சல்_1741:
டச்சுக்காரனை 1741-இலேயே எங்கள் ஊரில் அடித்துத் துரத்தியாயிற்று, நீங்கள் இன்னும் மெயிலுக்குச் சண்டை போடுகிறீர்கள். சரி, மீன் ஏற்றுமதி செய்பவன் என்கிற முறையில் கேட்கிறேன். ஆடிட்டரும் வாட்ஸ்அப்பும் என்ன ஆச்சு? எங்கள் குரூப்பில் ஐஸ் பிளாண்ட்காரர் உட்பட இருபது பேர் இருக்கிறார்கள்.

தக்கலை_ரிட்டயர்டு:
வங்கியில் சட்டப் பிரிவோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவள் நான். ஆடிட்டர் கடிதத்தில் இந்த இரண்டு வக்கீல்களும் சண்டை போட இடமே இல்லை. ஆடிட்டர் சட்டத்தைப் பற்றியே ஆலோசனை சொன்னாலும் பாதுகாப்பு வக்கீலுக்கு மட்டும்தான் என்று இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2013-இல் புரூடென்ஷியல் வழக்கில் தீர்த்துவிட்டது. நம் நாட்டுப் பிரிவிலும் அட்வகேட் என்றுதான் இருக்கிறது.

குரூப் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. இங்கிலாந்து முறையில் பாதுகாப்பு இரண்டு வகை. ஆலோசனைக்கான பாதுகாப்பு வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் மட்டும். வழக்குக்கான பாதுகாப்பில் மூன்றாம் ஆளும் வரலாம். ஆனால் வழக்கு வரப்போகிறது என்று நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டும், பேச்சின் முக்கிய நோக்கம் அந்த வழக்காகவே இருக்க வேண்டும். தம்பி, குரூப் தொடங்கியது எப்போது?

கருங்கல்_பருப்பு:
சரக்கை ஏற்க மாட்டேன், ஆர்பிட்ரேஷனுக்குப் போவேன் என்று அவர்கள் எழுதியதற்கு மறுநாள்.

குழித்துறைக்காரன்:
அப்படியானால் குரூப்பைக் காப்பாற்றலாம். வழக்குக்காகவே கூட்டிய கூட்டம் அது, வக்கீலும் உள்ளே இருக்கிறார்.

சிங்கை_மார்த்தாண்டம்:
இங்கே நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம், அண்ணாச்சி. மெயிலுக்குக் கறாராக இருந்தவர் வாட்ஸ்அப்புக்கு இளகிவிட்டீர்கள். புரோக்கர் யார் ஆள்? விற்பவரிடமும் கமிஷன், வாங்குபவரிடமும் கமிஷன். அவர் காதில் விழுந்த பிறகு ரகசியம் ஏது? ரகசியம் போய்விட்டால் எந்த வகைப் பாதுகாப்பும் நிற்காது. கிளியரிங் ஏஜென்ட்டை வேண்டுமானால் வாதாடிப் பார்க்கலாம், சரக்கு நிலவரம் சொல்ல வந்தவர் அவர்.

குழித்துறைக்காரன்:
புரோக்கர் இரண்டு பக்கமும் வாங்குகிறவர் என்றால் என்னிடம் பதில் இல்லை.

கருங்கல்_பருப்பு:
புரோக்கர் இரண்டு பக்கமும்தான். இன்னொன்று, இதைச் சொல்லவே பயமாக இருக்கிறது. புரோக்கரைச் சேர்ப்பதற்கு முன்னால், வக்கீலுக்கு மட்டும் தனியாக மாமா ஒரு மெசேஜ் போட்டிருக்கிறார்: “ஈரப்பத சர்டிபிகேட்டை பழைய தேதி போட்டு வாங்கினால் கேஸுக்கு உதவுமா?” வக்கீல் உடனே, “வேண்டவே வேண்டாம், அது போர்ஜரி” என்று பதில் போட்டுவிட்டார். வாங்கவும் இல்லை. போனில் இருந்து அழித்துவிடலாம் என்கிறார் மாமா.

சிங்கை_மார்த்தாண்டம்:
அழிக்காதீர்கள்! கேட்ட ஆவணத்தைத் தக்க காரணம் இல்லாமல் கொடுக்காவிட்டால், அதில் உங்களுக்குப் பாதகமானது இருந்தது என்று நடுவர்கள் ஊகிக்க அந்த விதிகளே இடம் கொடுக்கின்றன. வக்கீல் போனில் பிரதி இருக்கும், அது தெரியுமா மாமாவுக்கு?

குழித்துறைக்காரன்:
இதில் தம்பியோடு முழுதும் ஒத்துப்போகிறேன், அழிக்கக் கூடாது. ஆனால் கொடுக்கவும் வேண்டாம் என்பேன். 132-இல் இருக்கும் உதாரணங்களைப் பாருங்கள், 1872-இல் இருந்தே உள்ளவை. “நான் போர்ஜரி செய்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்” என்று சொன்னால் அது பாதுகாப்பில் வரும். “போலிப் பத்திரத்தை வைத்துச் சொத்தைப் பிடிக்க வேண்டும், வழக்குப் போடுங்கள்” என்றால் வராது. குற்றத்துக்கு வக்கீலைக் கருவியாக்குவதுதான் வித்தியாசம்.

சிங்கை_மார்த்தாண்டம்:
மாமா இன்னும் செய்யாத காரியத்தைப் பற்றித்தானே கேட்கிறார்? அது இரண்டாவது உதாரணத்தின் பக்கம்தான் சாய்கிறது.

குழித்துறைக்காரன்:
செய்து தாருங்கள் என்று எங்கே கேட்டார்? உதவுமா என்றார். கூடாது என்ற பதில் வந்ததும் விட்டுவிட்டார். இப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டு தப்பிலிருந்து விலகுவதற்குத்தான் வக்கீலே இருக்கிறார். இதற்கும் பாதுகாப்பு இல்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், நேரே போய்ச் செய்துவிடுவார்கள்.

சிங்கை_மார்த்தாண்டம்:
சர்டிபிகேட் வாங்கவில்லை என்பது உறுதியானால் உங்கள் வாதம் நிற்கும். வாங்கியிருந்தால் தூள் தூளாகிவிடும். தம்பி, அந்த ஆய்வுக்கூட ரிப்போர்ட்டின் தேதியை ஒருமுறை நீங்களே கண்ணால் பாருங்கள்.

தக்கலை_ரிட்டயர்டு:
எதை மறைத்தாலும் மறைத்ததைச் சொல்லியாக வேண்டும் தம்பி. தேதி, யார் யாருக்கு எழுதியது, எதைப் பற்றி, எந்தக் காரணத்தால் தரவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ‘எல்லாமே ரகசியம்’ என்று ஒரே வரியில் எழுதினால் உள்ளதும் போய்விடும்.

கருங்கல்_பருப்பு:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ரிப்போர்ட் தேதி சரியாக இருக்கிறது, சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் எடுத்தது. ஆடிட்டர் கடிதத்தையும், குரூப்பில் புரோக்கர் வந்த பிறகு உள்ள எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். வக்கீலுக்குத் தனியாகப் போனவற்றைக் கொடுக்கவில்லை, பட்டியலில் காட்டியிருக்கிறோம். மாமா–மச்சான் மெயில் மொத்தம் 38. அதில் சட்ட ஆலோசனை என்று சொல்லக்கூடிய 11 மெயிலுக்கு மட்டும் சிங்கை அண்ணன் சொன்ன வாதத்தை எங்கள் வக்கீல் எழுதியிருக்கிறார். நடுவர்கள் இன்னும் உத்தரவு போடவில்லை. பட்டியலின் நகலை இரண்டு பேருக்கும் தனியாக அனுப்பினேன், பார்த்தீர்களா?

குழித்துறைக்காரன்:
பார்த்தேன். 11-உம் போகும் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆறாவது வரியில் “ஐவரி கோஸ்ட் தோட்டண்டி விலை” (உடைக்காத முந்திரிக்கொட்டை விலை) என்று போட்டிருக்கிறதே, அதில் என்ன சட்ட ஆலோசனை?

சிங்கை_மார்த்தாண்டம்:
அதை எடுத்துவிடுங்கள். அந்த ஒன்றைப் பார்த்தால் மற்ற பத்தையும் நம்ப மாட்டார்கள்.

கருங்கல்_பருப்பு:
எடுத்தாச்சு அண்ணே. இப்போது 10.