கலைச்சொல் விவாதம்: ‘வைல்ட்லைஃப் மேனேஜ்மென்ட் யூனிட்’ – ‘காட்டுயிர் மேலாண்மைத் தொகுதி’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்க மாநிலங்கள் வேட்டையை முறைப்படுத்துவதற்காகத் தங்கள் நிலத்தைப் பிரித்து வைத்திருக்கும் ‘வைல்ட்லைஃப் மேனேஜ்மென்ட் யூனிட்’டுக்கு இந்த இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: வேட்டைப் பகுதி, காட்டுயிர் மேலாண்மை வட்டம், காட்டுயிர் மேலாண்மை அலகு. மூன்றிலுமே எனக்குத் தயக்கம் உண்டு. நான்காவதாக ‘காட்டுயிர் மேலாண்மைத் தொகுதி’ என்பதை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன நடக்கிறது என்பது தெளிவானால்தான் சொல் பிடிபடும்.

பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்வோம். கொம்பில்லாத மான்களை, அதாவது பெரும்பாலும் பெட்டைகளை, வேட்டையாடும் உரிமத்தை அங்கே 2002 வரை கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வாரியாகக் கொடுத்துவந்தார்கள். மான்தொகை கூடுவதும் குறைவதும் எத்தனை பெட்டைகள் மிஞ்சுகின்றன என்பதைப் பொறுத்தது. அதனால் எந்த இடத்துக்கு எத்தனை உரிமம் என்பது அங்கே பெரிய விஷயம். மான் பெருத்துவிட்டால் காட்டில் மரக்கன்றுகள் மேலெழும்ப முடியாது, தளிரிலேயே மான்கள் மேய்ந்துவிடும். ஆனால் கவுண்டி எல்லை நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு. ஒரே கவுண்டியில் ஒரு பக்கம் அடர்காடு இருக்கும், மறுபக்கம் மக்காச்சோள வயலும் புறநகர் வீடுகளும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே கணக்கு எப்படிச் சரிவரும்? இன்னொரு சங்கடம், துப்பாக்கியோடு காட்டுக்குள் நிற்பவருக்குக் கவுண்டி எல்லை கண்ணுக்குத் தெரியாது.

2003இல் இதை மாற்றினார்கள். நிலத்தின் இயல்பு, மக்கள் நெருக்கம், பொதுநிலம் எவ்வளவு தனியார் நிலம் எவ்வளவு என்பதையெல்லாம் பார்த்துப் புதிய பிரிவுகளை வரைந்தார்கள். எல்லைகளை நெடுஞ்சாலை, ஆறு என்று கண்ணால் பார்த்து அறியக்கூடியவற்றின் மேலேயே போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும்தான் பெயர். பிட்ஸ்பர்க் நகரம் 2பியில் இருக்கிறது, ஃபிலடெல்ஃபியா 5டியில். வேட்டையே நடக்காத நகரத் தெருவும் ஏதோ ஒரு பிரிவுக்குள் வந்தாக வேண்டும். மாநிலத்தில் ஒரு சாண் நிலம்கூட விடுபடாது, எதுவும் இரண்டு பிரிவுக்குள் வராது.

‘வேட்டைப் பகுதி’ இந்த இடத்தில்தான் இடறுகிறது. அதைப் படிப்பவர் வேட்டைக்கென்று ஒதுக்கிய காடு என்றுதான் எண்ணுவார். பென்சில்வேனியாவிலேயே அப்படிப்பட்ட நிலம் தனியாக இருக்கிறது. ‘ஸ்டேட் கேம் லேண்ட்ஸ்’ என்று பெயர், சுமார் 15 லட்சம் ஏக்கர், மாநில வேட்டை ஆணையத்துக்கே சொந்தம். அதற்கும் எண்கள் உண்டு. ‘வேட்டை நிலம்’, ‘வேட்டைப் பகுதி’ போன்ற சொற்களை அதற்காக விட்டுவைப்போம். நாம் பேசும் பிரிவு யாருடைய நிலத்தையும் யாருக்கும் மாற்றிக் கொடுப்பதில்லை. அது கணக்குக்காகப் போட்ட கோடு.

> வட்டம் என்பது வனத்துறையில் ஏற்கெனவே புழங்கும் சொல். அதையே எடுத்தாளலாம்.

ஐயா, புழங்குகிறது என்பதுதான் சிக்கல். தமிழ்நாட்டு வனத்துறையில் வட்டம், கோட்டம், சரகம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த அலுவலக அடுக்கு. சரகம் என்றால் வனச்சரகர், கோட்டம் என்றால் மாவட்ட வன அலுவலர் என்று ஓர் ஆள் உடனே நினைவுக்கு வருவார். அப்புறம் தாலுகாவும் வட்டம்தான். அமெரிக்கப் பிரிவுக்கு அப்படித் தலைமை அலுவலர் கிடையாது. பென்சில்வேனியாவில் வேட்டைக் காவலர்களின் பணிப்பரப்பு இதிலிருந்து வேறாகவே பிரிக்கப்பட்டிருக்கிறது.

> யூனிட் என்றால் அலகுதானே? நேராகப் போட்டுவிடலாமே?

பாடநூலில் சரி. மின்கட்டணத்துக்கும் பரப்பளவுக்கும் அலகு பொருந்தும், நிலத்துக்குப் பொருந்தவில்லை. ‘5சி அலகில் ஒரு மான்’ என்றால் அளவையா இடமா என்று ஒரு கணம் தடுக்கும். அதைவிடப் பெரிய இடைஞ்சல், பறவைகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அலகு தினமும் தேவைப்படும் சொல். இலையுதிர்காலக் காட்டு வான்கோழி வேட்டைப் பருவத்தையும் இதே பிரிவு வாரியாகத்தான் அறிவிக்கிறார்கள். வான்கோழியின் அலகும் வான்கோழிக்கான அலகும் ஒரே பத்தியில் வந்தால் வாசகர் பாடு திண்டாட்டம். ‘வனவிலங்கு’ என்னாமல் ‘காட்டுயிர்’ என்று நான் சொல்வதும் பறவைகள் அடங்க வேண்டும் என்பதற்காகத்தான்.

தொகுதி என்றால் நம் எல்லோருக்கும் உடனே விளங்கும். தேர்தல் தொகுதி மாநிலத்தை மிச்சமில்லாமல் பங்கிடுகிறது. அதற்கு எண் உண்டு, ஒரே ஒரு வேலைக்காக மட்டும் வரையப்பட்டது, நில உடைமையைத் தொடுவதில்லை, காலம் மாறினால் மறுவரையறையும் செய்கிறார்கள். நாம் பெயர் தேடும் பிரிவின் இயல்பும் அச்சாக இதுதான். ‘தொகுதி மறுவரையறை’ என்ற தொடர்கூடக் கையிலேயே இருக்கிறது.

அலாஸ்காவில் வைத்துப் பார்த்தேன், அங்கும் பொருந்துகிறது. அங்கே ‘கேம் மேனேஜ்மென்ட் யூனிட்’ என்பார்கள். ஏறக்குறைய 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புக்கு மொத்தம் 26தான், பலவற்றுக்கு உட்பிரிவுகள் உண்டு. சாலை அரிது என்பதால் எல்லை பெரும்பாலும் நீர் ஓடும் திசையை வைத்துத்தான். விதிநூலில் ‘இன்ன ஆற்றுக்கு வடியும் நிலம் முழுதும்’ என்கிற மாதிரியே வரையறுத்திருப்பார்கள். மலைமுகட்டில் நிற்பவரின் இடப்பக்கம் பெய்த மழை ஓர் ஆற்றுக்குப் போகும், வலப்பக்கம் பெய்தது வேறோர் ஆற்றுக்குப் போகும். முகடுதான் எல்லை. இப்பக்கச் சரிவில் சுட அனுமதி இருக்கும் மூஸை (பெரிய மான் வகை) அப்பக்கச் சரிவில் சுட்டால் குற்றமாகிவிடலாம். 13ஆம் தொகுதியில் அலாஸ்காவாசி சுடும் மூஸ் காளைக்குப் பொதுவாகக் கொம்பின் விரிவு 50 அங்குலமாவது வேண்டும். இல்லையென்றால் நெற்றிப் பக்கக் கிளைகளின் எண்ணிக்கையோ, இளங்காளையின் கொம்பு வடிவமோ விதிக்குள் வர வேண்டும். வேறு தொகுதியில் விதி வேறு. இப்படி ஓர் ஆற்றுக்கு நீர் வடியும் பரப்புக்கு ‘வடிநிலம்’ நன்றாக அமைகிறது, ‘நீர்ப்பிடிப்பு’ அணையை நினைவூட்டுகிறது.

அலாஸ்காவில் இன்னொன்றும் உண்டு. 1990 முதல் கூட்டரசு (மத்திய அரசு) நிலங்களில் ஊரக மக்களின் வாழ்வாதார வேட்டைக்குக் கூட்டரசே விதி வகுக்கிறது, மற்ற இடங்களில் மாநில விதி. இரண்டு தரப்பும் ஒரே எண்களைத்தான் பயன்படுத்துகின்றன. ஆக, ஒரே தொகுதிக்குள் இரண்டு அதிகாரங்கள் இருக்கலாம். அலுவலக வாடை அடிக்கும் எந்தச் சொல்லும் இங்கே நிற்காது.

கொலராடோவில் தொகுதிகள் இரண்டு அடுக்காக இருக்கின்றனவா என்று கேட்டிருந்த நண்பருக்கு: சிறிய தொகுதி, பல தொகுதிகளைச் சேர்த்த பெரிய பரப்பு என இரண்டு அடுக்கு இருப்பது உண்மை. வேட்டைக்காரரின் உரிமத்தில் இருப்பது சிறிய தொகுதியின் எண். ஆனால் எல்க் மான்கள் கோடையில் உயர்மலையிலும் பனிக்காலத்தில் தாழ்நிலத்திலுமாகப் பல தொகுதிகளைக் கடந்து நடப்பவை. ஆகவே ஒரு மந்தை ஆண்டு முழுதும் புழங்கும் தொகுதிகளையெல்லாம் சேர்த்து ‘டேட்டா அனாலிசிஸ் யூனிட்’ என்று வைத்திருக்கிறார்கள். வொயிட் ரிவர் மந்தையின் பரப்புக்கு இ-6 என்று பெயர், அதில் 11, 12, 23, 24, 33 எனப் பல தொகுதிகள் அடங்கும். எத்தனை மான் இருக்க வேண்டும் என்ற இலக்கை இந்தப் பெரிய பரப்புக்கு வைப்பார்கள், வேட்டைக்காரர்களைப் பங்கிட்டு அனுப்புவது சிறிய தொகுதிகளுக்கு. ‘தரவுப் பகுப்பாய்வு அலகு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மான் காணாமல் போய்விடும். ‘மந்தைப் பரப்பு’ என்று பரிந்துரைக்கிறேன். மந்தை ஆடுமாட்டுக்குத்தானே என்ற கேள்வி வரும். ‘மான்கூட்டம்’ என்றால் கண்முன் நிற்கும் பத்து இருபது மான்கள்தான் தோன்றும், பல்லாயிரம் மான்களுக்கு மந்தையே பரவாயில்லை.

‘தொகுதி’க்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்றுதான் எனக்குத் தென்படுகிறது. இலங்கைப் பாடநூல்களில் தொகுதி என்பது ‘சிஸ்டம்’. சமிபாட்டுத் தொகுதி, சூழற்றொகுதி என்று படித்து வளர்ந்தவருக்குக் ‘காட்டுயிர்த் தொகுதி’ என்றால் சூழலியல் சொல்லாகத் தோன்றக்கூடும். எனவே சுருக்கினாலும் ‘மேலாண்மைத் தொகுதி’ என்றே சுருக்க வேண்டும், ‘மேலாண்மை’யை விடக்கூடாது. தேர்தல் தொகுதி இலங்கையிலும் வழக்கில் இருப்பதால் இது போதும் என்று நினைக்கிறேன். அங்குள்ள நண்பர்கள் கருத்துச் சொன்னால் நல்லது.

மற்றவை: ‘பேக் லிமிட்’ (ஒருவர் வேட்டையாடக்கூடிய எண்ணிக்கை) – வேட்டை வரம்பு. ‘சீசன்’ – வேட்டைப் பருவம். ‘டேக்’ – சுட்ட விலங்கின் மேல் கட்ட வேண்டியது என்பதால் கட்டுச்சீட்டு. இவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது என நம்புகிறேன்.

எழுத்துகளை மட்டும் தமிழ் வரிசைக்கு மாற்ற வேண்டாம். ஆங்கரேஜ் நகரம் இருப்பது 14சி தொகுதி. அதை, மூன்றாவது எழுத்து என்பதால் 14இ என்று எழுதினால், வரைபடத்தில் தேடுபவர் ஆங்கில ‘E’ என்று எண்ணி, இல்லாத தொகுதியைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.