ஜூலிக்குச் சர்க்கரை 38க்கு இறங்கி வலிப்பு வந்துவிட்டது, இன்றிரவு இன்சுலின் போடலாமா?

மஞ்சக்குப்பம்காரி · திங்கள், பகல் 1.10

கடலூரிலிருந்து எழுதுகிறேன், கை இன்னும் நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஜூலிக்கு 9 வயது, பொமரேனியன் கலந்த நாட்டு நாய், எடை 12 கிலோ. சர்க்கரை நோய் தெரிந்து 8 மாதம் ஆகிறது. காலை 7, இரவு 7 என்று இரண்டு வேளை சாப்பாடு (வேகவைத்த கோழி, கொஞ்சம் சாதம், கேரட்), சாப்பிட்டு முடித்ததும் 5 யூனிட் என்.பி.எச். (பல மணி நேரம் மெதுவாக வேலை செய்யும் வகை) இன்சுலின். மனிதர்களுக்குப் போடும் அதே மருந்துதான், எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தது. இந்த 5 யூனிட்டில் நான்கு மாதமாக நன்றாக இருந்தாள்.

இன்று காலை வழக்கம்போலச் சாப்பிட்டாள், ஊசி போட்டேன். 11 மணிக்குப் பின்கால் இரண்டும் தள்ளாட ஆரம்பித்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை, சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றாள். 11.40க்கு வலிப்பு. அம்மாவின் சுகர் மிஷினில் காதில் குத்திப் பார்த்தால் 38. தேனை ஈறில் தேய்த்தேன், பத்து நிமிடத்தில் கண் திறந்தாள், அரை மணியில் எழுந்து நின்றாள். இப்போது 96, படுத்திருக்கிறாள், பெயர் சொன்னால் வாலை ஆட்டுகிறாள்.

எங்கள் டாக்டர் வெளியூரில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. 5 யூனிட் திடீரென்று எப்படி அதிகமானது? இரவு ஊசி போட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? இனிமேல் ஊசியையே தொடப் பயமாக இருக்கிறது.

---

லாஸ்பேட்டை அண்ணன் · 1.22

பதறாதீர்கள் தங்கச்சி, தேன் தேய்த்தது சரியான காரியம். எங்கள் லாப்ரடார் நாய்க்கு ஆறு வருடம் ஊசி போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், 96 வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. தேன் சீக்கிரம் கரைந்து போய்விடும், காலையில் போட்ட என்.பி.எச். இன்னும் பல மணி நேரம் உள்ளே வேலை செய்யும். நினைவு நன்றாக இருக்கிறது, விழுங்குகிறாள் என்றால் இப்போதே கொஞ்சம் சாதமும் முட்டையும் கொடுங்கள், அரை மணிக்கு ஒரு முறை குத்திப் பாருங்கள்.

இன்னொன்று, வலிப்பு வரும்போது வாய்க்குள் தண்ணீரோ குளுக்கோஸ் கரைசலோ ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். பல்லுக்கு நடுவிலும் விரலை விடாதீர்கள். உதட்டைத் தூக்கி வெளிப்பக்க ஈறில் தடவினால் போதும். 12 கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு.

கேள்விகள்: நேற்றோ இன்றோ அதிகமாக ஓடினாளா? சாப்பிட்டதை வாந்தி எடுத்தாளா? கருத்தடை செய்தாயிற்றா? கருத்தடை செய்யாத பெண் நாய்க்குப் பருவத்துக்குப் பிறகு இரண்டு மாதம் வரை இன்சுலின் தேவை ஏறும், அது முடிந்ததும் இறங்கும், அப்போது பழைய அளவே அதிகமாகிவிடும்.

---

மஞ்சக்குப்பம்காரி · 1.31

கருத்தடை நான்கு வருடத்துக்கு முன்பே செய்தாயிற்று அண்ணா. வாந்தி இல்லை, தட்டைத் துடைத்த மாதிரி சாப்பிட்டாள். நேற்று மாலை சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போனோம், ஆனால் மணலில் உட்கார்ந்தே இருந்தாள். ஒன்று ஞாபகம் வருகிறது, ராத்திரி 2 மணிக்கு எழுந்து உடம்பு நடுங்க நடுங்க சமையலறை வாசலில் நின்று பசி பசி என்று முனகினாள். மழைக் குளிர் என்று நினைத்து இரண்டு பிஸ்கட் கொடுத்துப் படுக்க வைத்தேன். அதுவும் இதுதானா?

---

தேவனாம்பட்டினம் · 1.40

அக்கா, கரண்ட் கட் ஆகி இன்சுலின் கெட்டுப் போயிருக்குமோ? எங்கள் தெருவில் சனிக்கிழமை பகல் முழுக்க மின்சாரம் இல்லை.

---

லாஸ்பேட்டை அண்ணன் · 1.44

தம்பி, சூட்டில் கெட்ட இன்சுலின் வேலை செய்யாது, சர்க்கரை ஏறும். இங்கே இறங்கியிருக்கிறது. அதனால் மருந்து உள்ளே அதிகமாகப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் உணவு குறைந்திருக்க வேண்டும். ராத்திரி 2 மணி நடுக்கமும் பசியும் கண்டிப்பாகச் சர்க்கரை இறங்கியதுதான் தங்கச்சி. ஆக இரண்டு வேளை தொடர்ந்து அதிகம் போயிருக்கிறது. ஞாயிறு இரவிலிருந்து என்ன மாறியது என்று யோசியுங்கள். ஊசி போடும் ஆள் மாறினாரா? புது பாட்டிலா? புது சிரிஞ்சா?

---

மஞ்சக்குப்பம்காரி · 1.52

ஆள் மாறவில்லை, எட்டு மாதமாக நான்தான். சிரிஞ்சும் அதேதான், சிவப்பு மூடி. மருந்துதான் நேற்று தீர்ந்துவிட்டது, பக்கத்துக் கடையில் பாட்டில் இல்லை, "இதுவும் அதே மருந்துதான், பேனாவில் போடும் சின்னக் குப்பி, ரப்பர் மூடியில் சிரிஞ்சு விட்டு எடுத்துக்கொள்ளலாம்" என்று கொடுத்தார்கள். பெயர் ஒன்றுதான், நான் சரிபார்த்தேன். அதே 5வது கோடு வரைதான் இழுத்தேன்.

---

கால்நடை மருத்துவர், புதுச்சேரி · 1.55

அம்மா, குப்பியை எடுத்து மருந்தின் பெயருக்குக் கீழே பாருங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று இருக்கிறதா, 100 யூனிட் என்று இருக்கிறதா? உடனே சொல்லுங்கள்.

---

மஞ்சக்குப்பம்காரி · 1.58

100 டாக்டர். பழைய பாட்டில் குப்பையில் கிடந்தது, எடுத்துப் பார்த்தேன், அதில் 40.

---

கால்நடை மருத்துவர், புதுச்சேரி · 2.04

இதுதான் காரணம். சிவப்பு மூடி சிரிஞ்சு 40 பலம் உள்ள இன்சுலினுக்காகக் கோடு போட்டது. அதில் 5வது கோடு என்றால் 0.125 மில்லி. அந்த அளவில் 40 பல மருந்து 5 யூனிட், 100 பல மருந்து 12.5 யூனிட். ஜூலிக்கு நேற்றிரவும் இன்று காலையும் இரண்டரை மடங்கு போயிருக்கிறது. கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்கும் மேல். நாய்க்கு நாங்கள் ஆரம்பிப்பதே கிலோவுக்கு கால் யூனிட் அளவில்தான்.

வீட்டில் உட்கார்ந்து சமாளிக்கும் விஷயம் இல்லை இது, மறுபடி இறங்கும். இப்போதே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றும் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். கடலூரில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வழியில் தேன் கையில் இருக்கட்டும், மிஷினும் கூடவே. அந்தக் குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இரவு ஊசியைப் பற்றி: சர்க்கரை குறைவாக இருக்கும் நாய்க்கு இன்சுலின் கிடையாது. நேரில் பார்க்கும் மருத்துவர் அளந்து பார்த்துச் சொல்லும் வரை போடாதீர்கள்.

---

முத்தியால்பேட்டை அக்கா · 2.10

தேன் இல்லாத வீட்டில் குளுக்கோஸ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தடவலாம், சீனிப் பாகும் சரிதான். சர்க்கரை சேர்க்காத மிட்டாய், சூயிங்கம், சிரப் எதையும் அவசரத்தில் கொடுத்துவிடாதீர்கள், சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் நாய்க்கு அது விஷம், இருக்கும் கொஞ்சநஞ்ச சர்க்கரையையும் கீழே தள்ளிவிடும். ஜூலி நல்லபடியாகத் திரும்ப வேண்டும், மணக்குள விநாயகரிடம் சொல்லியிருக்கிறேன்.

---

மஞ்சக்குப்பம்காரி · திங்கள், இரவு 10.15

வந்துவிட்டோம். கடலூரிலேயே ஒரு தனியார் டாக்டர் உடனே வரச் சொன்னார். ஆட்டோவில் போகும்போதே மறுபடி தலை தொங்கியது, குத்திப் பார்த்தால் 52. தேன் தடவிக்கொண்டே போனேன். நீங்கள் போகச் சொல்லவில்லை என்றால் 96ஐப் பார்த்துவிட்டு நான் தூங்கப் போயிருப்பேன், அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. இரவு 8.30 வரை டிரிப் ஏறியது. கடைசியாகப் பார்த்தபோது 148, கோழியும் சாதமும் சாப்பிட்டாள். இரவு ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். விடியும் வரை இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பார்க்கப் போகிறேன்.

---

மஞ்சக்குப்பம்காரி · செவ்வாய், காலை 6.50

இப்போது 412! நேற்று இரவு ஊசி போடாமல் விட்டதால்தானே? புது 40 பாட்டில் வாங்கி வைத்துவிட்டேன். 6 அல்லது 7 போடலாமா?

---

கால்நடை மருத்துவர், புதுச்சேரி · 6.58

வேண்டாம். ஊசி போடாமல் விட்டதும் ஒரு காரணம், டிரிப்பும் சாப்பாடும் ஒரு காரணம், ஆனால் அதோடு இன்னொன்று இருக்கிறது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும்போது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அட்ரினலின், குளூக்கோகான், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் எல்லாவற்றையும் விட்டுக் கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே கொட்டும். அதனால் ஒன்றிரண்டு நாள், சில நாய்களுக்கு மூன்று நாள்கூட எண் மேலேயே நிற்கும். அந்த எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டினால் அடுத்த பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கும். நேற்றுப் பார்த்த டாக்டரிடம் கேளுங்கள், பழைய 5ஐ விடக் குறைவாகத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

அதே நேரம் பயத்தில் ஊசியை நிறுத்திவிடவும் கூடாது. நாய்க்கு வரும் சர்க்கரை நோயில் பெரும்பாலும் கணையம் இன்சுலினே சுரக்காது, மாத்திரையிலோ பத்தியத்திலோ ஓட்ட முடியாது. நாள்கணக்கில் ஊசி இல்லையென்றால் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து, வாந்தி, மூச்சிரைப்பு என்று வேறு ஆபத்தில் போய் முடியும்.

---

மஞ்சக்குப்பம்காரி · 7.20

டாக்டர் 4 யூனிட் போடச் சொன்னார், 40 பாட்டில், சிவப்பு மூடி. கோட்டை மூன்று முறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போட்டேன். பக்கத்தில் தம்பியை நிற்க வைத்து அவனையும் படிக்கச் சொன்னேன்.

---

தேவனாம்பட்டினம் · 9.05

அக்கா, எங்கள் வீட்டிலும் ஒரு நாய்க்குப் போன வாரம்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். மனிதர் மிஷின் நாய்க்குச் சரியாகக் காட்டுமா? காதில் குத்தினால் எங்கள் பையன் கடிக்க வருகிறான்.

---

லாஸ்பேட்டை அண்ணன் · 9.30

மனிதர் மிஷின் நாய் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், நாய்க்கென்று தனி மிஷின் உண்டு, விலை அதிகம். நான் ஆறு வருடமும் மனிதர் மிஷினில்தான் ஓட்டினேன், எப்போதும் அதே மிஷின், அதே கம்பெனி ஸ்ட்ரிப், இறங்குகிறதா ஏறுகிறதா என்று போக்கைப் பார்ப்பேன். 60க்குக் கீழே காட்டினால் மிஷினோடு வாதாடாமல் தேனை எடுப்பேன்.

குத்துவதற்கு, வெதுவெதுப்பான துணியைக் காது மடலில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு ஓரத்தில் குத்துங்கள், நடுவில் போகும் நரம்பில் வேண்டாம். காதைத் தொடவே விடவில்லை என்றால் முழங்கையில் காய்ப்புக் காய்த்த இடத்தில் முயன்று பாருங்கள், எங்கள் லாப்ரடாருக்கு அங்கே வலியே தெரியாது. முடிந்த கையோடு ஒரு சின்னக் கோழித்துண்டு. நான்காவது நாள் மிஷினைப் பார்த்தால் தானாக வந்து உட்காருவான்.

இன்னொன்று, என்.பி.எச். பால் மாதிரி கலங்கலாக இருக்கும், அடியில் தங்கிவிடும். உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டிக் கலக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் கெட்டி என்று போகும். ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சாப்பிடாத வேளைக்கு என்ன செய்வது என்பதை இப்போதே உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி சாப்பிட்டால் எவ்வளவு, ஒன்றுமே தொடவில்லை என்றால் என்ன, வாந்தி எடுத்தால் என்ன, மூன்றுக்கும் தனித்தனிப் பதில். என்னுடைய பழக்கம், தட்டு காலியான பிறகுதான் சிரிஞ்சைக் கையில் எடுப்பேன்.

---

மஞ்சக்குப்பம்காரி · 18 நாள் கழித்து

ஜூலி நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை 7லிருந்து இரவு 7 வரை இரண்டு மணிக்கு ஒருமுறை குத்தி எழுதினேன்: 246, 201, 152, 118, 131, 177, 229. டாக்டர் பார்த்துவிட்டு 4லேயே இருக்கட்டும், 5 வேண்டாம் என்றார். தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறது, ராத்திரி வீட்டுக்குள் சிறுநீர் போவதில்லை. குப்பியைக் கடையில் காட்டி நடந்ததைச் சொன்னேன், சண்டை போடவில்லை, அடுத்தவருக்குக் கொடுக்கும்போது எண்ணைச் சொல்லிக் கொடுங்கள் என்றேன்.

---

அரியாங்குப்பம் புதியவர் · அதே நாள், மாலை

இதைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். எங்கள் நாய் 14 கிலோ, மூன்று மாதமாக ஊசி போட்டும் 350க்குக் கீழே வரவே இல்லை. 4ல் ஆரம்பித்து டாக்டர் ஏற்றி ஏற்றி இப்போது 10 யூனிட். எங்கள் சிரிஞ்சு ஆரஞ்சு மூடி. பாட்டிலில் 40 என்று இருக்கிறது.

---

மஞ்சக்குப்பம்காரி · 15 நிமிடம் கழித்து

ஐயோ, உங்களுக்குத் தலைகீழாக நடந்திருக்கிறது. ஆரஞ்சு மூடி 100 பலத்துக்கானது. அதில் 10வது கோடு என்றால் 0.1 மில்லி, 40 பல மருந்தில் அது வெறும் 4 யூனிட். மூன்று மாதமாகப் பாதிக்கும் குறைவாகப் போயிருக்கிறது. ஆனால் தயவுசெய்து இன்று இரவே சிவப்பு மூடி வாங்கி அதே 10வது கோடு வரை போட்டுவிடாதீர்கள், அது நிஜமான 10 யூனிட், ஒரே நாளில் இரண்டரை மடங்கு. என் ஜூலிக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும். சிரிஞ்சையும் பாட்டிலையும் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பி, 10 என்று போட்டும் இப்போது உள்ளே போவது 4தான் என்று சொல்லுங்கள், சிவப்பு சிரிஞ்சில் எந்தக் கோடு என்று அவர் சொன்ன பிறகு மாற்றுங்கள்.

---

அரியாங்குப்பம் புதியவர் · இரவு 7.40

பேசிவிட்டேன் அக்கா. டாக்டர் அதிர்ந்துவிட்டார், யாரும் மூடியைப் பார்க்கவில்லை. சிவப்பு சிரிஞ்சில் 4லேயே ஆரம்பிக்கச் சொன்னார், ஒரு வாரம் பார்த்துவிட்டு ஏற்றுவோம் என்றார். இப்போதுதான் போட்டேன். தேன் பாட்டில் மேசைமேல் இருக்கிறது.