அடைக்கோழி வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குது: கழிச்சலா, வெயில் சூடா?

கேள்வி – க.பரமத்தி, பிற்பகல் 3.40

வணக்கம். எங்க சிறுவிடைக் கோழிக்கு வயசு 3. மத்தியானத்துல இருந்து வாயை மூடாம மூச்சு வாங்குது. ரெக்கை ரெண்டையும் உடம்புல ஒட்டாம தொங்கப் போட்டிருக்கு. தூக்கி நிறுத்தினா ரெண்டு அடி வெச்சு உட்கார்ந்துடுது. எச்சம் கொஞ்சூண்டு, பச்சையா இருக்கு. பக்கத்து வீட்டு அத்தை வெள்ளைக்கழிச்சல்னு சொல்றாங்க, மத்ததுக்குப் பரவுறதுக்குள்ள முடிச்சுடச் சொல்றாங்க. மீதி 6 கோழியும் நல்லாத்தான் மேயுது. கூண்டு தகரக் கூரை. இது 9 முட்டையில அடை உட்கார்ந்து இன்னிக்கு 12 நாள். அம்மா வளர்த்த கோழியோட வாரிசு, எப்படியாவது பிழைக்கணும்.

பதில் – மொட்டைமாடிக் கோழிகள்

ஐஸ் தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுங்க, சரியாகிடும்.

பதில் – நாட்டுக்கோழிக்காரர், திண்டுக்கல்

ஐஸ் தண்ணி வேண்டவே வேண்டாம் தங்கச்சி. துவண்டு கிடக்கிற கோழி அந்த அதிர்ச்சியிலேயே போயிடும். வாயைப் பிளந்து தண்ணி ஊத்தவும் கூடாது, மூச்சுக்குழல்ல இறங்கிடும்.

இப்பவே காத்தோட்டமான நிழலுக்குக் கொண்டு வாங்க. அகலமான சட்டியில சாதாரணத் தண்ணி, கணுக்கால் முழுகுற அளவு ஊத்தி அதுல நிக்க வைங்க. நிக்க முடியலேன்னா கையில தாங்கிக்கோங்க. கொண்டை, தாடி, ரெக்கைக்கு அடிப்பக்கம் ஈரத்துணியால ஒத்தி எடுங்க. கோழிக்கு வேர்க்காது. வாய் வழியா மூச்சு வாங்கியும் கொண்டை, கால் வழியாவும்தான் சூடு வெளியேறணும். அதோட உடம்புச் சூடே 41 டிகிரி பக்கம். வெளியிலயும் அதே சூடு அடிச்சா சூடு போக வழியே இல்ல.

தெளிஞ்சதும் அலகு நுனியைத் தண்ணியில தொட்டு விடுங்க, தானா குடிக்கும். மருந்துக்கடை ஓஆர்எஸ் பாக்கெட்டை, அதுல போட்டிருக்கிற அளவுத் தண்ணியில கரைச்சு வைக்கலாம். மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதீங்க.

எனக்கு இது கழிச்சலாத் தெரியல. அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவைதான் எழுந்து தின்னும். இந்தக் கத்திரியில தகரத்தடியில எழும்பாமலே உட்கார்ந்திருக்கும். வயிறு காலியா இருந்தா பித்தம் மட்டும் இறங்கும், எச்சம் பச்சையாத்தான் போகும். கழிச்சல்னா கழுத்து திருகும், கால் இழுக்கும், மூக்குல சளி வடியும், பக்கத்துக் கோழியும் ஒண்ணு ரெண்டு நாள்ல சுருண்டு உட்காரும். எதுக்கும் 2 வாரம் தனியாவே வைங்க. இதுக்குத் தீனி வெச்ச கையோட மத்ததுக்குப் போகாதீங்க.

கேட்டவர் – மாலை 5.30

அண்ணா, கால் நனைச்சு அரை மணி நேரத்துல மூச்சு குறைஞ்சிருச்சு. தானா தண்ணி குடிச்சுது! கழுத்து நேராத்தான் இருக்கு, சளி இல்ல. முட்டை 2 மணி நேரமா சும்மா கிடக்கே, ஆறிப் போய் வீணாகிடுமா?

பதில் – நாட்டுக்கோழிக்காரர், திண்டுக்கல்

ஆறினதுல பயமில்ல, தகரத்துச் சூடுதான் பயம். கருவுக்கு வேண்டியது 37.5 டிகிரி. 40-ஐத் தாண்டினா செத்துடும். முட்டையை வீட்டுக்குள்ள எடுத்து வைங்க. இருட்டினதும் கோழி தெளிவா இருந்தா மட்டும், மரத்தடியிலயோ திண்ணையிலயோ கூடையில மணல், வைக்கோல் போட்டு முட்டையோட சேர்த்து உட்கார வைங்க. பகல்ல மாத்தினா பழைய இடத்துக்கே ஓடும். நாய், கீரி வராம மேல பஞ்சாரம் கவுத்துங்க. விடிஞ்சதும் கையால தூக்கி வெளிய விட்டு, நொய்யும் தண்ணியும் காட்டுங்க.

பதில் – கால்நடை படிப்பவர்

ஒன்று சேர்க்கிறேன். கொண்டை வெளிறியிருக்கிறதா என்று காலையில் பாருங்கள், ஆசனவாய்ப் பக்க இறகை விலக்கியும் பாருங்கள். ஒரே இடத்தில் நாள் கணக்கில் உட்காரும் கோழியில் பேன் மளமளவென்று பெருகும். உடம்பு சரியில்லாத கோழிக்கு இப்போது தடுப்பூசி போட வேண்டாம். நாளை மதியத்துக்குள் தீனி எடுக்கவில்லை என்றால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள்.

கேட்டவர் – மறுநாள் காலை 7.15

நொய் தின்னுச்சு. இறகை விலக்கினா நிஜமாவே பேன் ஊருது, பார்க்கவே மனசு கஷ்டமாயிருச்சு. 12 நாளா கூண்டுக்குள்ள கை விட்டுக்கூடப் பார்க்கல நான். அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து குழி போட்டேன், பத்து நிமிஷம் புரண்டுட்டுத் தானாவே கூடைக்குப் போயிடுச்சு. பழைய வைக்கோலை எரிச்சுட்டேன். கூரை மேல தென்னை ஓலை போட்டாச்சு.

கேட்டவர் – 10 நாள் கழித்து

9-ல 5 பொரிச்சிருக்கு. தாய்க்கோழி நல்லா இருக்கு, மத்ததுலயும் எதுவும் சுணங்கல. பிப்ரவரியில நடந்த கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு நான் போகல. குஞ்சுக்கு எப்போ போடணும்?

பதில் – கால்நடை படிப்பவர்

7-ம் நாள் கண்ணில் ஒரு சொட்டு. எஃப் வகை அல்லது லசோட்டா, மருந்தகத்தில் எது இருக்கிறதோ அது. ஐஸ் போட்ட பிளாஸ்க் கையோடு கொண்டு போங்கள், வழியில் சூடேறினால் மருந்து பயன்படாது. 8-வது வாரம் இறக்கையில் ஊசி. பெரிய 6 கோழிக்கும் அன்றைக்கே கேட்டு வையுங்கள்.