முதல் என்வலப் மாட்யூல்: ஏடிஎஸ்ஆரா, மேத்ஸா?

மின்னலை:
மாடுலர் சின்தசைசர் கட்டுகிறேன். 84 ஹெச்பி (மாட்யூல் அகலத்தின் அளவு) ஒற்றை வரிசை கேஸ். ஒலி எழுப்பும் ஆசிலேட்டர், பிரகாசத்தைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டர், ஒரு விசிஏ (வோல்டேஜால் ஒலியளவை மாற்றுவது), நோட்டுகளை வரிசையாக அனுப்பும் எட்டு ஸ்டெப் சீக்வென்சர் எல்லாம் போட்டாயிற்று. மிச்சம் 20 ஹெச்பி. ஒலி எப்படி எழுந்து அடங்க வேண்டும் என்று வடிவம் கொடுக்கும் என்வலப் இல்லாததால் இப்போது ஒலி நிற்காமல் இரைந்துகொண்டே இருக்கிறது. எனக்கு வேண்டியது முக்கியமாக பேஸ், அப்புறம் மெதுவாக எழுந்து அடங்கும் பேட் ஒலிகள். ஏடிஎஸ்ஆர் வகையான (அட்டாக்: எழுதல், டிகே: இறங்குதல், சஸ்டெயின்: நிற்கும் மட்டம், ரிலீஸ்: அடங்குதல்) டோப்ஃபர் ஏ-140 வாங்கவா, எழுச்சி, சரிவு மட்டும் தரும் மேக் நாய்ஸ் மேத்ஸ் வாங்கவா?

சரிவுக்கோடு:
மேத்ஸ். அந்த 20 ஹெச்பியில் அப்படியே உட்காரும். ஏடிஎஸ்ஆர் என்பது கீபோர்டுக்காகப் பிறந்த வடிவம். விரல் சாவியை அழுத்திக்கொண்டிருக்கும் வரை ஒலி ஒரு மட்டத்தில் நிற்க வேண்டும், எடுத்ததும் அடங்க வேண்டும் என்பதற்குத்தான் சஸ்டெயின், ரிலீஸ் எல்லாம். உங்களிடம் கீபோர்டே இல்லை. சீக்வென்சர் சின்னதாக ஒரு துடிப்பு அனுப்பிவிட்டு அடுத்த ஸ்டெப்புக்குப் போய்விடும். அங்கே சஸ்டெயினுக்கு என்ன வேலை? எழுச்சி, சரிவு இரண்டும் போதும்.

கேட்திற:
கீபோர்டுக்காகப் பிறந்தது என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. 1965-இல் சின்தசைசர் செய்த ராபர்ட் மூகிடம் இந்த நான்கு கட்ட வடிவத்தைக் கேட்டவர் கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தின் விளாதிமிர் உசாசெவ்ஸ்கி. காந்த நாடாவை வெட்டி ஒட்டி இசை செய்தவர் அவர். மூக் 911 மாட்யூலில் இந்த நான்கும் டி1, டி2, ஈசஸ், டி3 என்றே இருந்தன. அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் என்று எளிமையாக்கியது ஏஆர்பி சின்தசைசர் நிறுவனம்.

சரி, வரலாறு இருக்கட்டும். சீக்வென்சர் என்றாலே சின்னத் துடிப்புதான் என்று ஏன் முடிவு செய்கிறீர்கள்? மின்னலை, உங்களுடையது கேட் (நோட் முடியும் வரை நிற்கும் வோல்டேஜ்) தருகிறதா, வெறும் ட்ரிகர் (சின்னத் துடிப்பு) மட்டுமா? கேட் நீளத்தை மாற்ற முடியுமா?

மின்னலை:
கேட்தான். நீளத்தை மாற்றலாம். இரண்டு ஸ்டெப்பை ஒன்றாக இணைக்கவும் முடியும்.

கேட்திற:
அப்படியானால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) வேகத்தில் பதினாறில் ஒரு பங்கு நோட்டின் நீளம் 125 மில்லிசெகண்ட். பாதி கேட் வைத்தால் 62 சொச்சம். டிகே 100 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் இருந்தால், குட்டி நோட் சஸ்டெயினுக்கு வருவதற்குள்ளேயே ரிலீஸுக்குப் போய்விடும். இணைத்த நோட்டோ முதலில் ஃபில்டரைத் திறந்து ஒரு கடி கடித்துவிட்டு, கீழே ஒரு மட்டத்தில் நின்று உறுமும். குமிழைத் தொடாமலே ஒரே பேஸ் வரிக்குள் இரண்டு குணம். இதற்காகத்தான் எனக்கு ஏடிஎஸ்ஆர் பிடிக்கும். வீணைத் தந்தியை மீட்டிய பிறகு ஒலி தானாகத் தேயும், நாதஸ்வரத்தை ஊதும் வரை நிற்கும். பேஸுக்கு இரண்டு குணமும் வேண்டும்.

சரிவுக்கோடு:
அந்தக் கடியும் உறுமலும் மேத்ஸிலும் வரும். கேட்டை ஒன்றாம் சேனலின் சிக்னல் இன்புட்டில் செருகுங்கள். எழுச்சி முடிந்ததும் சிக்னல் தரும் அதன் எண்ட் ஆஃப் ரைஸ் அவுட்புட்டிலிருந்து நான்காம் சேனலின் ட்ரிகருக்கு ஒரு கேபிள். நான்கின் அட்டென்யுவர்ட்டரை (அளவைக் குறைக்கவும் தலைகீழாக்கவும் உள்ள குமிழ்) முழுக்க வலப்பக்கம் திருப்பி, ஒன்றினுடையதைக் குறைத்து வையுங்கள். இரண்டு, மூன்றாம் சேனல்களின் குமிழ்கள் நடுவில் இருக்கட்டும். வெளியே எடுப்பது சேனல்களில் உயர்ந்த வோல்டேஜை மட்டும் தரும் ஓஆர் அவுட்புட்டில். நான்கின் சரிவு டிகே ஆகிவிடும், ஒன்றின் உயரம் சஸ்டெயின், அதன் சரிவு ரிலீஸ்.

ஏ-140-இல் இல்லாத இன்னொன்றும் இருக்கிறது. மேத்ஸில் எழுச்சி, சரிவு நேரங்களை வோல்டேஜால் மாற்றலாம். சீக்வென்சரில் இன்னொரு வரிசை சிவி (கட்டுப்படுத்தும் வோல்டேஜ்) இருந்தால் அதைச் சரிவுக்குக் கொடுங்கள், ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனி நீளம் கிடைக்கும். ஏ-140-இல் அந்த நான்கு குமிழையும் கையால்தான் திருப்பியாக வேண்டும்.

கேட்திற:
வோல்டேஜ் விஷயம் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன பேட்சில் (கேபிள் இணைப்பில்) மேத்ஸின் முக்கியமான இரண்டு சேனலும் போய்விட்டன. 20 ஹெச்பி செலவழித்து ஒரே ஒரு ஏடிஎஸ்ஆர். ஏ-140 8 ஹெச்பி, மிச்சம் 12 ஹெச்பியில் இன்னொரு விசிஏ வரும். ஒரே விசிஏ உள்ள கேஸில் அதுதான் முதல் தேவை.

இன்னொன்றும் கவனியுங்கள். மேத்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது வரும் ட்ரிகரை அது கண்டுகொள்ளாது. சரிவில் இருக்கும்போதுதான் மறுபடி எழும். மெதுவான அட்டாக் வைத்து வேகமான வரி வாசித்தால் நோட்டுகள் விழுங்கப்படும்.

சரிவுக்கோடு:
விழுங்குவதுதான் அதன் அழகு! எழுச்சி நேரத்தைக் க்ளாக் (தாளத் துடிப்பு) இடைவெளியைவிடக் கூட்டினால் ஒன்று விட்டு ஒன்று, இரண்டு விட்டு ஒன்று என்று தாளத்தைப் பிரித்துக் கொடுக்கும். என்வலப்பே க்ளாக் டிவைடர் ஆகிவிடும். செர்ஜ், புக்லா என்ற பழைய மாடுலர் சின்தசைசர்களின் வழியில் வந்த சிந்தனை இது.

கருஞ்சிவப்பு:
புக்லா பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். லோ பாஸ் கேட் (ஃபில்டரும் விசிஏவும் சேர்ந்தது) ஒன்று வைத்தால் பேஸுக்கு என்வலப்பே வேண்டாம். புக்லா 292-இல் இருந்ததுபோல வாக்ட்ரோல் (விளக்கும் ஒளியுணர் மின்தடையும் ஒரே உறையில்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒளி அணைந்த பிறகும் உள்ளே இருக்கும் ஒளியுணர் மின்தடை மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும், அதுவே சரிவு. ஒலியளவும் பிரகாசமும் சேர்ந்து குறையும். மரத்தில் தட்டியதுபோல் கேட்கும்.

கேட்திற:
அருமையான ஒலிதான். ஆனால் மின்னலை கேட்ட பேட் அதில் வராது.

மின்னலை:
ஒரே என்வலப்பை ஃபில்டருக்கும் விசிஏவுக்கும் சேர்த்துக் கொடுத்தால் சரிவருமா?

கேட்திற:
பேஸுக்குத் தாராளமாக. ஏ-140-இல் நேர் அவுட்புட் இரண்டு இருக்கின்றன, ஒன்று விசிஏவுக்கு, ஒன்று ஃபில்டரின் சிவிக்கு. ஃபில்டரின் சிவி அளவை முதலில் பூஜ்யத்தில் வைத்து, கட்ஆஃபைக் (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம்) கீழே இறக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அட்டாக்கை முழுப் பூஜ்யத்தில் வைத்தால் தொடக்கத்தில் 'டிக்' என்று கேட்கும், ஒரு மயிரிழை கூட்டினால் போய்விடும்.

சரிவுக்கோடு:
பேட்டுக்கு அது போதாது. விசிஏ வேகமாகத் திறந்து, ஃபில்டர் சில விநாடிகள் எடுத்து எழ வேண்டும். இரண்டு தனித்தனிச் சரிவு இல்லாமல் அந்த அசைவு கிடைக்காது. மேத்ஸில் ஒன்றாம் சேனல் விசிஏவுக்கு, நான்காம் சேனல் ஃபில்டருக்கு, கேட்டைப் பிரித்து இரண்டின் சிக்னல் இன்புட்டிலும் கொடுங்கள். பேஸ் மட்டும்தான் என்றால் ஏ-140 வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. பேட்டும் வேண்டும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

கேட்திற:
அந்த 12 ஹெச்பியில் இன்னொரு ஏ-140 போட்டாலும் இரண்டு என்வலப் ஆயிற்று, இன்னும் 4 ஹெச்பி மிச்சம்.