ஆன்டிபயாட்டிக்குக்கு அப்புறம் பாப்பாவுக்கு வயிறே சரியில்லை, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் மக்களே, நாங்கள் தண்டையார்பேட்டை. ஆறு வயது மகளுக்குத் தொண்டைப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தோம், தொண்டை சரியாகிவிட்டது, ஆனால் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. இப்போது ராத்திரியானால் பின்பக்கம் அரிக்கிறது என்று தூங்காமல் அழுகிறாள். டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை நூல் மாதிரி பூச்சி நெளிகிறது.

பள்ளியில் பிப்ரவரி, ஆகஸ்டில் தரும் பூச்சி மாத்திரை (அல்பெண்டசோல்) போட்டிருக்கிறாள். நூல்புழுவுக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளையும், வீட்டில் எல்லாருக்கும் சேர்த்தும் போட வேண்டுமாமே, அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

குடலில் உள்ள நல்ல பாக்டீரியா இடத்தையும் தீனியையும் பிடித்துவைத்திருப்பதால்தான் கெட்ட கிருமி காலூன்ற முடிவதில்லை, ஆன்டிபயாட்டிக் நல்லதையும் சேர்த்துக் காலி செய்துவிடும், இது புரிகிறது. ஆனால் 2010-இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், எலிகளின் சாட்டைப்புழு முட்டை பொரிவதற்கே குடல் பாக்டீரியா வேண்டும் என்று கண்டிருக்கிறார்கள். அது வேறு புழு, வேறு கதை, இருந்தாலும் தலை சுற்றுகிறது!

எனக்குத் தெரிய வேண்டியது: தயிரும் பழைய சோற்றுத் தண்ணீரும் போதுமா, மருந்துக்கடைக்காரர் வயிற்றுப்போக்குக்குச் சொல்லும் ஈஸ்ட் (நல்ல நுண்ணுயிர்) பொடி பாக்கெட்டும் தேவையா? மாமியார் வேப்பிலை உருண்டை கொடு என்கிறார், வயிறு இப்படி இருக்கும்போது எனக்குத் தைரியமில்லை. காலையில் கழுவுவதற்கு முன் பின்பக்கம் டேப் ஒட்டி எடுத்துப் புழு முட்டை இருக்கிறதா என்று பார்க்கும் லேப் ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் இருக்கிறதா? பொறுமையாகப் பேசும் குழந்தை டாக்டர் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பார்ப்பவராக இருந்தால் ரொம்ப வசதி.