புகை மணமும் நாரத்தை வாசமும் கொண்ட கறுப்புத் தேநீர்: அவரவர் அனுபவம்

குன்னூரிலிருந்து:

நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முந்தைய நாள் தயாரான தூளை ஒவ்வொரு காலையும் வெள்ளைப் பீங்கான் குவளைகளில் ஊறவைத்துக் கிண்ணங்களில் வடித்து, கரண்டியால் சத்தம் எழ உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பி, அதன் நிறை குறைகளை ஏட்டில் எழுதுவது என் பொறுப்பாக இருந்தது. அந்த ஏட்டில் ஒரு தூளுக்கு எதிரே 'ஸ்மோக்கி' என்று எழுத நேர்ந்தால், அன்று தொழிற்சாலையில் யாருக்கும் முகம் சரியாக இருக்காது. உலர்த்தும் இயந்திரத்துக்குச் சூடான காற்று விறகு உலையிலிருந்து வருகிறது. புகை வேறு, காற்று வேறு என்று பிரிக்கும் இரும்புக் குழாயில் மெல்லிய விரிசல் விழுந்தாலே போதும், புகை காற்றோடு சேர்ந்து இலையின் மேல் படிந்துவிடும். எந்த வாசனையையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும் தன்மை தேயிலைக்கு உண்டு என்பதால், ஒருமுறை ஏறிய புகையை இறக்க வழியே கிடையாது. ஒரு மழைக்காலத்தில், ஈரமான கற்பூர மர விறகை எரித்த ஓர் இரவில் அப்படித்தான் நடந்தது. காலையில் முதல் கிண்ணத்தை வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரவின் மூட்டைகள் அத்தனையையும் ஏலத்துக்கு அனுப்பாமல் தனியே ஒதுக்கி வைத்தோம்.

இவ்வளவையும் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடந்த ஜனவரியில் லண்டனிலிருந்து வந்த என் தங்கை மகள் ஒரு சிறிய தகர டப்பாவை என் கையில் கொடுத்தாள். மூடியைத் திறந்தவுடன் என் கை தானாகவே அதை மூடப் போயிற்று. எத்தனையோ ஆண்டுகள் எந்த வாசனையைத் தேடித் தேடி ஒதுக்கினேனோ, அதே புகை. "மாமா, பால் ஊத்திடாதீங்க, ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்று அவள் சொன்னதால்தான் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன்.

பழக்கத்தின் காரணமாக முதலில் தொழில்முறையில்தான் ஊறவைத்தேன்: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். இது குறைகளைக் கண்டுபிடிப்பதற்கான அளவேயன்றி ரசித்துக் குடிப்பதற்கானது அன்று. புகையும் துவர்ப்பும் நாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. இரண்டாவது முறை அதே அளவு இலையை இன்னும் கொஞ்சம் கூடுதலான நீரில் 3 நிமிடம் மட்டும் ஊறவைத்து, உடனே வடித்துவிட்டு, ஆவி அடங்கும் வரை காத்திருந்து குடித்தேன். அந்தக் கோப்பையைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

முதலில் வந்தது புகைதான், ஆனால் அது உலைப் புகை அன்று. எங்கள் தூளில் ஏறிய புகையில் கரியும் எரிந்த தாரும் சேர்ந்த ஒரு கசப்பு இருந்தது. இதில் இருந்தது பிசினின் இனிப்பு. கோயில் மண்டபத்தில் சாம்பிராணி போட்டு வெகுநேரம் கழித்துத் தூணருகே நின்றால் மெல்ல வருமே, அந்த மணத்துக்கு இதை அருகில் வைக்கலாம். வாயில் இருந்ததை விழுங்கும் நேரத்தில் வேறொரு வாசம் மேலெழுந்தது. எலுமிச்சையின் புளிப்பு அதில் இல்லை. நாரத்தை இலையை நடு நரம்பில் மடித்துக் கசக்கினால் விரல் நுனியில் ஒட்டும் பச்சை வாசமும் சிறு கசப்பும்தான் அது. இரண்டும் அடங்கிய பிறகு தொண்டையில் உலர்ந்த பேரீச்சம்பழத்தைப் போன்ற ஓர் இனிப்பு தங்கியது. சர்க்கரை ஒரு துகளும் சேர்க்கவில்லை. வடிகட்டியில் இருந்த இலையை விரலால் விரித்துப் பார்த்தேன். கருகல் இல்லாமல், செப்பு நிறம் கலந்த பழுப்பில், மெத்தென்று இருந்தது. தீயில் இலை கருகியிருந்தால் அது இப்படி விரிந்து கொடுத்திருக்காது.

டப்பாவின் மேல் இரண்டே பொருள்கள்தான் எழுதியிருந்தன: லாப்சாங் சூச்சோங், பெர்கமோட் எண்ணெய். முதலாவது சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள வூயி மலைப்பகுதியில், தொங்மு என்ற ஊரைத் தாயகமாகக் கொண்ட தேயிலை. உலகின் முதல் கறுப்புத் தேயிலை இதுவே என்று பலர் சொல்வார்கள். படைவீரர்கள் ஊருக்குள் வந்து தங்கியதால் இலையைக் காயவைப்பது தடைப்பட்டு, பிறகு அவசரத்துக்குப் பைன் விறகுத் தீயில் உலர்த்தியதிலிருந்து இந்த முறை வந்தது என்று அங்கே ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், அங்குள்ள புகை வீட்டின் அமைப்பே என்னை மிகவும் கவர்ந்தது. பல தளங்கள் கொண்ட மரக்கட்டடத்தின் அடியில் பைன் விறகு எரிகிறது. அதன் வெப்பமும் புகையும் மேல் தளங்களின் இடுக்குகள் வழியே ஏறி, மூங்கில் பாய்களில் பரப்பிய பச்சை இலையை வாடச் செய்கின்றன. உருட்டிப் புளிக்க வைத்த இலை பிறகு கீழே இறங்கி வந்து, மூங்கில் தட்டுகளில் அதே புகையில் உலர்கிறது. வாடும்போது ஒருமுறையும் உலரும்போது ஒருமுறையுமாக இலை புகையோடு நெடுநேரம் இருக்கிறது. எங்கள் குறைத் தூளில் நடந்ததோ கடைசிக் கட்டத்தில், கொதிக்கும் காற்றோடு, பொடியாக நறுக்கப்பட்ட துகள்களின் மேல் சில நிமிடங்களில் நடந்த விபத்து. மரம் வேறு, நேரம் வேறு, இலையின் அளவும் வேறு. இவை மூன்றும் மாறியதால்தான் ஓரிடத்தில் குறையாக இருப்பது இன்னோரிடத்தில் குணமாகியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெர்கமோட் இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா கடற்கரையில் பெருமளவு விளையும் எலுமிச்சை இனத்துப் பழம். நாரத்தையைப் போலவே அதையும் யாரும் உரித்து அப்படியே தின்பதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை பறித்து, தோலைப் பிழிந்து எண்ணெய் எடுக்கிறார்கள். எர்ல் கிரே என்ற வாசமூட்டிய கறுப்புத் தேநீரின் வாசம் முழுவதும் இந்த எண்ணெய்தான். (1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த கிரே பிரபுவின் பெயர் அதற்கு வந்ததைப் பற்றிச் சொல்லப்படும் சீனத்துக் கதைகளுக்குச் சான்று கிடையாது.) பெர்கமோட் எண்ணெயில் நிறைந்திருக்கும் லினலூல் என்ற மணப்பொருள் தேயிலையிலும் இயல்பாகவே உண்டு, பைன் புகையால் லாப்சாங்கில் ஏறும் டெர்பினியோல் என்ற மணப்பொருள் எலுமிச்சை இனத்து எண்ணெய்களிலும் சிறிதளவு இருக்கிறது. புகையும் பழத்தோலும் வாயில் சண்டையிடாமல் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு வந்ததற்கு இந்த உறவே காரணமாக இருக்கலாம்.

உங்களில் யாரேனும் இத்தகைய தேநீரைக் குடித்திருந்தால், எங்கே, எப்படிக் குடித்தீர்கள் என்று விவரமாக எழுத வேண்டுகிறேன்.

சென்னையிலிருந்து:

ஐயாவின் அனுபவத்தைப் படித்ததும் எனக்கு ரஷ்யாவில் மருத்துவம் படித்த நாள்கள் நினைவுக்கு வந்தன. மாஸ்கோவுக்கு வடமேற்கே உள்ள துவேர் நகரில் நாங்கள் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, மூன்றாம் ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் இருவரைத் தம் தோட்ட வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் ரஷ்யக் கலத்துக்குச் சமோவார் என்று பெயர். அங்கே மின்சார சமோவார் இல்லை; பழைய பித்தளை சமோவார்தான் இருந்தது. அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய் போகிறது. அந்தக் குழாய்க்குள் சுள்ளியையும் காய்ந்த பைன் காய்களையும் போட்டு அவர் தீ மூட்டினார். தீ மங்கியபோது, ஒரு பழைய தோல் பூட்ஸின் மேற்பகுதியைக் குழாயின் வாயில் கவிழ்த்து, துருத்தியைப் போல அமுக்கி அமுக்கிக் காற்றை ஏற்றினார். அது அங்கே பழங்காலத்திலிருந்து வரும் முறையாம்.

தேநீர் தயாரிக்கும் விதமும் நம்முடையதிலிருந்து வேறானது. சிறிய பீங்கான் கெண்டியில் கடும் டிகாக்‌ஷன் போலத் தேயிலைச் சாற்றை இறக்கி, அதைச் சமோவாரின் தலையில் சூடாக வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தம்ளரில் அந்தச் சாற்றைக் கொஞ்சம் ஊற்றி, சமோவாரின் குழாயைத் திறந்து வெந்நீர் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் எலுமிச்சை வில்லை ஒன்றைப் போட்டதும், கருஞ்சிவப்பாக இருந்த தேநீர் கண்முன்னே பொன்னிறமாக வெளிறியது. தேநீருக்குச் செந்நிறம் தரும் பொருள்கள் அமிலம் பட்டால் நிறம் குன்றும் என்பது படித்துத் தெரிந்ததுதான் என்றாலும், மாலை வெயிலில் அந்தத் தம்ளரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தத் தேநீரில் புகை மணம் நிச்சயமாக இருந்தது. ஆனால் சமோவாரில் புகை தண்ணீரைத் தொடுவதே இல்லை; நடுக்குழாய் வழியே நேராக மேலே போய்விடுகிறது. எங்கள் தலைமுடியிலும் சால்வையிலும் காற்றிலும் இருந்த பைன் புகையைத்தான் நாங்கள் தேநீரோடு சேர்த்துச் சுவைத்தோம் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை என்பதை மருத்துவப் பாடத்தைவிட அந்த மாலை எனக்கு நன்றாகக் கற்றுத் தந்தது.

ஊர் திரும்பிய பிறகு 'ரஷ்யன் காரவன்' என்ற பெயரில் விற்கும் கலவை ஒன்றை வாங்கினேன். இதில் பெரும்பாலும் லாப்சாங் சேர்ந்திருக்கும். 1727 இல் ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஏற்பட்ட கியாக்தா ஒப்பந்தத்துக்குப் பிறகு சீனத் தேயிலை மங்கோலியப் பாலைவனத்தை ஒட்டகங்களின் மேல் கடந்து, சைபீரியா வழியாக மாஸ்கோவுக்குப் போயிற்று. பயணம் ஓராண்டுக்கும் மேல் பிடிக்கும். இரவுகளில் மூட்டிய தீயின் புகை மூட்டைகளில் ஏறியதுதான் அந்தச் சுவைக்கு மூலம் என்பார்கள். சைபீரிய ரயில் பாதை வந்ததும் ஒட்டகங்கள் நின்றுபோயின. புகைச் சுவை மட்டும் கலவையின் பெயரோடு நிலைத்துவிட்டது. இதை எலுமிச்சையோடு குடிக்க விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: சாற்றைப் பிழியாதீர்கள். புளிப்பு முன்னே வந்துவிட்டால் புகை வெறும் கசப்பாக நின்றுவிடுகிறது. வெள்ளைப் பகுதி இல்லாமல் மேல்தோலை மட்டும் சுண்டுவிரல் அகலம் சீவி, கோப்பைக்கு மேல் முறுக்கி, அதன் எண்ணெய் தெறிக்கும்படி உள்ளே போட்டால் போதும்.

டொராண்டோவிலிருந்து:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் பிற்பகல் என்றால் பால் சேர்க்காத பிளேன் ரீதான். லாப்சாங்கை முதல்முறை ஊற்றிக் கொடுத்தபோது அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு, "என்ன பிள்ளை, கருவாடு அவிச்ச தண்ணி மாதிரிக் கிடக்கு" என்று கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். அவருக்கு அது பிடிக்க வேண்டும் என்பதற்காகவே பல வாரங்கள் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு பங்கு லாப்சாங்குக்கு மூன்று பங்கு எர்ல் கிரே என்பது எங்களுக்குச் சரியாக வந்தது. அந்த அளவில் புகை பின்னால் நின்று பெர்கமோட்டைத் தாங்குகிறது. அதன் பிறகும் அப்பா தயங்கினார். சீனியைக் கோப்பைக்குள் போடாமல், ஊரில் செய்வதைப் போல ஒரு துண்டு பனங்கட்டியைக் கையில் கொடுத்து, கடித்துக் கடித்துக் குடிக்கச் சொன்னேன். பனங்கட்டியிலும் இயல்பாகவே ஒரு புகை வாசம் இருக்கிறதல்லவா, அது இதோடு சேர்ந்துகொண்டது. அன்று முழுக் கோப்பையையும் குடித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

ஜெர்மனியில் இருக்கும் என் சிநேகிதி, பழைய முறையில் நன்றாகப் புகையூட்டிய வகை அங்கே கிடைப்பது அரிதாகிவிட்டது என்கிறாள். விறகுப் புகையில் உண்டாகும் ஆந்த்ராகுவினோன் என்ற பொருள் தேயிலையில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. புகையூட்டிய தேயிலை அந்த வரம்புக்குள் வருவது கடினம். நாங்களும் இதை நாள்தோறும் குடிப்பதில்லை.

குன்னூரிலிருந்து மீண்டும்:

பனங்கட்டி யோசனைக்கு மிக்க நன்றி, அம்மா. இங்கே கருப்பட்டி கிடைக்கிறது; நேற்று அப்படியே செய்து பார்த்தேன், தொண்டையில் தங்கும் இனிப்பு இன்னும் நீண்டது.

இடையில் நானும் ஒரு முயற்சி செய்தேன். நாரத்தைத் தோலைச் சீவி நிழலில் காயவைத்து, எங்கள் மலையின் ஆர்த்தடாக்ஸ் தேயிலையோடு (பொடியாக நறுக்காமல் இலையாகவே உருட்டித் தயாரிப்பது) ஒரு டப்பாவில் மூன்று நாள் மூடி வைத்தேன். தோலின் கசப்பே மிஞ்சியது, வாசம் நிற்கவில்லை. பிறகு தோலை விட்டுவிட்டு, இளம் நாரத்தை இலை இரண்டை நரம்பு நீக்கிக் கிழித்து, ஊறும் தேநீரில் கடைசி ஒரு நிமிடம் மட்டும் போட்டு எடுத்தேன். இது நன்றாக வந்தது. லாப்சாங்கில் கால் பங்கும் எங்கள் தேயிலையில் முக்கால் பங்கும் சேர்த்து இதே முறையில் போட்ட கோப்பையை, என்னோடு வேலை பார்த்த உலைக்காரர் ஒருவரிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். முகர்ந்ததும் அவர் நிமிர்ந்து, "சார், குழாயில எங்கயோ விரிசல்" என்றார். பிறகு ஒரு வாய் குடித்தார், அடுத்த வாய் குடித்தார், கோப்பை காலியாகும் வரை வேறெதுவும் பேசவில்லை.

லாப்சாங் டப்பாவை மற்றத் தேயிலைகளோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஒரே வாரத்தில் எல்லாமே புகை ஏறிவிடும். என்னுடையது கூடத்து மாடத்தில், இறுக்கமான மூடியோடு தனியே இருக்கிறது. இன்னும் நான்கைந்து கோப்பைக்கான இலை அதில் மிச்சமிருக்கிறது.